அன்னரத்தினம் கல்யாணத்தில் பதினாறு பக்கம் குறைவு

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு புத்தகத்தின் கடைசிப் பதினாறு பக்கத்தை வாங்கி வர வேண்டும். சனிக்கிழமைக் கூட்டம் கடைக்கு வருவதற்குள் பத்து நிமிஷத்தில் முடியும் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புத்தகம் வாசிக்கிற ரகம் கிடையாது. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில், பெட்டி ஒட்டிக்கொண்டு. பதினெட்டு வயசில் தோளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இடைசெவல், குளத்தூர் என்று ஊர் ஊராக ரவிக்கைத் துணி விற்றேன். முப்பது வயசில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடியில் சொந்தக் கடை. யாரும் தூக்கிவிடவில்லை. இழுத்துவிட்டவர்கள்தான் அதிகம்.

என் பெயர் பேச்சியம்மாள். பெயருக்கு ஏற்ற வாய் என்று ஊரே சொல்லும். சொன்னவர்களை எல்லாம் திட்டியிருக்கிறேன்.

செல்போன் வைத்திருந்தவனை ஊரே நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. துணியை மடித்துக் கொடுக்கத் தாள் வேண்டுமே என்று மாடசாமி அண்ணாச்சியின் பழைய பேப்பர் கடையில் மூன்று கிலோ கட்டு ஒன்று வாங்கினேன். அந்தக் கட்டில் மேலாகக் கிடந்தது ஒரு நாவல்.

கிறிஸ்தவ சரித்திரக் காதல் கதை! அட்டையில் ஒரு பனைமரம், ஒரு வெள்ளைக்கார பங்களா, ஒரு கப்பல், முக்காடு போட்ட ஒரு பெண், அவள் கையில் வேதப்புத்தகம். படம் வரைந்தவன் கொடுத்த கூலிக்கு மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் வரைந்துவிட்டான் போல.

முதல் தாளைக் கிழித்து ஒரு அம்மாவுக்கு இரண்டு பிட் துணி மடித்துக் கொடுக்கப் போனேன். கிழிக்கும் முன்னால் ஒரு வரி கண்ணில் பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கிணற்றடியில் கிடந்த ஒரு பெண்குழந்தையை ஒரு பாதிரியார் தூக்குகிறார்.

அந்தம்மா மூன்று தடவை "யக்கா, என் துணி" என்று கேட்டதாம். எனக்குக் காதில் விழவில்லை.

அந்தக் குழந்தைதான் அன்னரத்தினம். மிஷன் போர்டிங்கில் வளர்கிறாள். மிஷன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற சாமுவேலுக்கு அவள் மேல் ஆசை. ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டான்! பன்னிரண்டாம் பக்கத்தில் அவளைப் பார்த்து "சகோதரி" என்றான். சரி, மரியாதை என்று விட்டேன். தொண்ணூறாம் பக்கத்திலும் "சகோதரி". இருநூறாம் பக்கத்தில் காலராவில் கிடக்கிறவளுக்கு மூன்று நாள் கஞ்சி புகட்டிக் காப்பாற்றிவிட்டு, அவள் கண் திறந்ததும் "சகோதரி, சுகமா?" என்கிறான்.

"ஏலே, கூறுகெட்டவனே!" என்று கடைக்குள் இருந்து கத்திவிட்டேன். வாசலில் நின்ற டெய்லர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து இரண்டு வாரம் என் கடைப் பக்கமே வரவில்லை.

எங்கள் தெருவில் ஒருத்தியை நாலு தடவை சகோதரி என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் பெண் கேட்டு வந்தால் செருப்புதான் பதில் சொல்லும்.

அதோடு எதற்கெடுத்தாலும் ஜெபம். அவள் கையைப் பிடிக்கலாமா என்று மூன்று பக்கத்துக்கு ஜெபம் பண்ணுகிறான். பிடிக்க வேண்டாம் என்று முடிவு செய்து, அதற்கு இரண்டு பக்கம் தோத்திரம் பண்ணுகிறான். ஜெபம் வந்தால் நான் தாளைத் தள்ளிவிடுவேன். பிரசங்கத்துக்கும் அதே கதிதான். இப்படித் தள்ளித் தள்ளி வாசித்ததற்குப் பிற்பாடு நன்றாக அனுபவித்தேன்.

இத்தனை நக்கல் பேசுகிறவள் நாலே நாளில் முந்நூற்று நாலு பக்கத்தை முடித்துவிட்டேன். வெட்கக்கேடு!

முந்நூற்று நாலாம் பக்கத்தின் கடைசி வரி இது: 'அப்பொழுது சாமுவேல் அவளை நோக்கி,'

நோக்கி?

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பின்னட்டைகூட இல்லை. தைத்த நூல்தான் தொங்குகிறது. முதல் தாளில் 'பக்கங்கள் 320' என்று அச்சடித்திருந்தது. பதினாறு பக்கம் போச்சு! அவளை நோக்கி என்ன சொன்னான்? வழக்கம்போல் சகோதரி என்றானா, இல்லை, நல்ல புத்தி வந்ததா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேராக மாடசாமி அண்ணாச்சி கடை.

"அண்ணாச்சி, பொஸ்தகத்துல கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம். கரையான் தின்னுச்சா, நீங்க தின்னீங்களா?"

அவர் தராசுத் தட்டை நிதானமாகத் துடைத்தார். "நீதாம்மா தின்ன."

"என்ன சொல்லுதீங்க?"

"அன்னைக்கு மூணு கிலோ நிறுத்தேன். முள்ளு ஒரு நூல் சாஞ்சுது. 'மூணுன்னா மூணுதான், கூடுதலா ஒரு தாள் எனக்கு வேண்டாம், என் தலையில கட்டப் பாக்கீங்களா, கிழிச்சு எடுங்க'ன்னு கடை அதிரக் கத்துனது யாரு? மேல கெடந்த பொஸ்தகத்துல பின்னால கொஞ்சம் கிழிச்சேன். முள்ளு நேரா நின்னுச்சு. நீயும் தேர்தல்ல செயிச்ச மாதிரி நடந்து போன."

ஞாபகம் வந்தது. அப்படி நடந்து போனதும் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரியிடம் "எங்கிட்டயா எடை போடுதாரு?" என்று பெருமை பேசியதும் ஞாபகம் வந்தது.

குரலைக் கொஞ்சம் இறக்கினேன். "இதே பொஸ்தகம் வேற இருக்கா அண்ணாச்சி?"

"மொத்தம் முப்பது வந்துச்சு. எல்லாம் புதுசு, ஒருத்தரும் தொறந்துகூடப் பாக்கல. மத்ததெல்லாம் நேத்துப் பட்டாசு ஆபீசுக்கு லோடு போயிட்டு."

இருபத்தொன்பது அன்னரத்தினமும் வெடிக்குழாயாகச் சுருண்டு கிடக்கிறார்கள். தீபாவளி அன்றைக்குத்தான் அவர்கள் முடிவு தெரியும், அதுவும் சத்தமாக.

"அந்தக் கிழிச்ச தாளாவது?"

"அதைக் கடலை விக்கிற சுப்பையா அள்ளிட்டுப் போனான். பொஸ்தகம் வந்தது சர்ச் தெரு ரூபி டீச்சர் வீட்டுப் பரண்ல இருந்து. அவியட்ட ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்தாலும் இருக்கும்."

"இதைப் போயி எவரும் முப்பது வாங்கி வைப்பாவளா? நல்ல டீச்சருதான்!"

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போதே காரணம் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு எங்கே?

சுப்பையா பஸ் ஸ்டாண்டு வாசலில் தட்டோடு நின்றான்.

"சுப்பையா, பொட்டலத்தை எல்லாம் எடு."

"எத்தனை வேணும்க்கா?"

"கடலை வேண்டாம். தாள் மட்டும் வேணும்."

அவன் வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யக்கா, இன்னைக்கு வெயில் ரொம்பக் கூடுதல். செத்த நேரம் நிழல்ல உக்காருங்க."

கடலையோடுதான் தருவேன் என்று நின்றுவிட்டான். நாலு பொட்டலம் வாங்கிப் பிரித்தேன். முதலாவது சினிமா விளம்பரம். இரண்டாவது யாரோ தப்புத் தப்பாகப் போட்ட கணக்கு நோட்டு. மூன்றாவது கல்யாணப் பத்திரிகை, ஆனால் வேறு யார் கல்யாணமோ. நாலாவது நம்ம ஆள்! முந்நூற்றுப் பதினோராம் பக்கம்!

'வெண்பட்டு உடுத்தி மணவாட்டி ஆலயத்துக்குள் பிரவேசித்தாள். சபையார் யாவரும் எழுந்து நின்றார்கள்.'

கல்யாணம் நடக்கிறது! ஆனால் மணவாட்டி யார்? பெயர் போடவில்லை. தாளைத் திருப்பினேன். அந்தப் பக்கம் முழுக்க ஜெபம். அதிலாவது பெயர் வருமா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜெபத்தை ஆதியோடந்தமாக வாசித்தேன். ஆபிரகாம் பெயர் வந்தது. ஈசாக்கு பெயர் வந்தது. அன்னரத்தினம் பெயர் வரவில்லை.

"மத்ததெல்லாம் எங்கடா?"

"வித்தாச்சுக்கா. அந்தா, பசுவந்தனை பஸ்ஸுல ஏறுதாரே பெரிய மீசைக்காரரு, அவரு கையில ஒண்ணு இருக்கு."

ஓடிப் போய் ஏறினேன். மீசைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலையைத் தோல் நீக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்க."

"கடலை வேணும்னா எடுத்துக்கோ தாயி. தாள் எதுக்கு?"

"தாள்தான் வேணும்."

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏதோ சொத்துப் பத்திரம் என்று நினைத்தாரோ என்னவோ, கடலையை மடியில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தார். எழுத்துக் கூட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"'மணவாட்டியைக் கண்ட அன்னரத்தினம்... தூணைப் பற்றிக்கொண்டு... கண்ணீரை அடக்கினாள்.'"

அப்படியானால் மணவாட்டி வேறு எவளோ!

"யாரு தாயி இந்த அன்னரத்தினம்? எதுக்கு அழுதா?"

"அது தெரியாமத்தான் அண்ணாச்சி ஓடியாந்தேன். தாளைக் குடுங்க."

"இரு தாயி, வாசிச்சிட்டுத் தாரேன். புள்ள அழுதுக்கிட்டு நிக்கா, பாதியில விட்டுட்டா போகச் சொல்லுத?"

கண்டக்டர் விசில் அடித்தார். "எறங்குறவிய எறங்குங்க!" நான் தாளின் ஒரு முனையைப் பிடித்தேன், அவர் மறுமுனையை விடவில்லை. பஸ் நகர்ந்தது. நான் கீழே குதித்தபோது கையில் மிஞ்சியது ஒரு மூலை. அதில் இருந்தது ஒரே ஒரு சொல்: 'ஆனாலும்'.

மீசைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா சொல்லி விடு தாயி!" என்று கத்திக்கொண்டே போனார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்குத் தெரியாது. யாரிடம் சொல்லி விட?

இனி மிச்சம் ரூபி டீச்சர்தான். வீடு பூட்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம், சர்ச்சை ஒட்டின ஹாலில் பெண்கள் கூட்டம் நடக்கிறது, அங்கே இருப்பார் என்றார்கள்.

இந்த இடத்தில் என் பழைய காயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். "நான் பாத்தேன்" என்று வாயை விட்டேன். சாட்சி என்று என் பெயரை எழுதிவிட்டார்கள். ஐந்து வருஷம் கோர்ட் வாசலில் வெயில் காய்ந்தேன். வாய்தா, மறுபடி வாய்தா. கடைசியில் அடித்தவனும் அடிபட்டவனும் சம்பந்தியாகிவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். அதிலிருந்து சாட்சி என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும்.

ஹாலுக்குள் நாற்பது பெண்கள் இருந்தார்கள். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, கையில் நோட்டு.

"வாங்க, வாங்க. சாட்சி சொல்ல வந்திருக்கீங்களா?"

"சாட்சியா? நான் ஒண்ணையும் பாக்கல!"

அந்தம்மா சிரித்தார். "பாக்கலைன்னா என்ன? நம்புனாப் போதும்."

"பாக்காம சொன்னா அது பொய்ச்சாட்சி! அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

"பயப்படாதீங்கம்மா. அவர் உங்களுக்குச் செஞ்சதை மட்டும் சொல்லுங்க."

"எவரு? எனக்கு அப்படி யாரையும் தெரியாது."

"அப்படிச் சொல்லலாமா? உங்களுக்காக உசிரையே குடுத்தாரே!"

"எனக்காகவா? செத்தே போயிட்டாரா? ஐயையோ, கொலைக் கேஸா!"

"மூணாம் நாள் எழும்பிட்டாரே."

"அப்பக் கேஸே நிக்காதேம்மா! ஆளு உசிரோட இருக்கையில சாட்சி எதுக்கு?"

முன்வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். அவ்வளவுதான், நாற்பது பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மா சிரிக்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைக் கூட்டத்தில் எழுந்து சொல்வதற்குத்தான் அவர்கள் சாட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் தள்ளிவிட்ட பக்கங்களில் இது பத்து இடத்திலாவது இருந்திருக்கும். பேச்சியம்மாள்தான் பெரிய மனுஷி, ஜெபம் வாசிக்க மாட்டாளே!

ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னேன். புத்தகத்தை நீட்டினேன். கண்ணாடி அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வாசிச்சீங்களா? முழுசாவா?"

"எங்க முழுசா வாசிக்க? பதினாறு பக்கம் கெடையாது. ரூபி டீச்சர்ட்ட இருக்கும்னாவ."

"இருக்கும். வாங்கித் தாரேன். அதுக்கு முன்னால மேடையில ஏறி இந்தப் பொஸ்தகத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்."

"ஒரு வார்த்தை பேசுதேன்."

"ரெண்டு."

"ஒண்ணரை."

அந்தம்மா மைக்கைக் காட்டினார். ஏறினேன்.

ஏறத் தெரிந்த எனக்கு இறங்கத் தெரியவில்லை. "இந்தச் சாமுவேல் இருக்கானே, இவனுக்கு ஆண்டவர் நாக்கு எதுக்குக் குடுத்தாரு? கஞ்சி குடிக்கவா?" கூட்டம் சிரித்தது. "முந்நூறு பக்கமா சகோதரி சகோதரின்னா, அந்தப் புள்ள ராக்கிதான் கட்டும்!" இன்னும் சிரித்தது. எனக்கு ஏறிவிட்டது. "அட்டையில ஏதோ புனைபேருதான் போட்டிருக்கு, எழுதுனவரு யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்த மனுசன் சென்மத்துல ஒரு பொம்பளையோட பேசியிருக்க மாட்டாரு!"

இப்போது சிரிப்பு வேறு மாதிரி வந்தது. எல்லார் கண்ணும் வாசல் பக்கம். நான்தான் கைதட்டல் போதையில் இருந்தேனே! "முப்பது பொஸ்தகம் எடைக்கு விழுந்ததுல அதிசயமே இல்ல. எடைக்கு மட்டும் நல்லா நின்னுச்சு!"

கண்ணாடி அம்மா நடுவில் வந்து நின்றார். "நான்தாம்மா ரூபி."

"ரொம்பச் சந்தோஷம் டீச்சர். பக்கத்தைத் தாங்க."

"எழுதுனதும் நான்தான்."

மைக் மட்டும் கொய்ங் என்று சத்தம் போட்டது.

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். எனக்கு அது வராத பாடம். "அப்ப சோலி சுலபமாப் போச்சு டீச்சர். சொல்லுங்க, மணவாட்டி யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சடிச்சதுல இருந்து எத்தனையோ பேருக்குச் சும்மாவே குடுத்தேன். நல்லா இருக்குன்னு சொன்னாவ. முடிவு என்னன்னு கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல. நீங்கதான் மொதல் ஆளு."

குரல் லேசாக இடறியது. நானும் மைக்கை விட்டு ஒரு படி இறங்கினேன். ஆனால் வியாபாரப் புத்தி எங்கே போகும்? எதிராளி கலங்கினால் விலை இறங்கும் என்று கணக்குப் போட்டேன்.

இறங்கவில்லை.

"எங்கிட்ட மிச்சம் ஒரே ஒரு பொஸ்தகம்தான். கைவிட்டுத் தரமாட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டத்துக்கு வாங்க. முடிஞ்சதும் ரெண்டு பக்கம் வாசிக்கேன்."

"ரெண்டா! பதினாறையும் இப்பமே வாசிங்க."

"ரெண்டு."

"எட்டு."

"ரெண்டு. ஜெபம் வந்தாலும் தள்ளாமக் கேக்கணும்."

"நாலு! இங்க இருக்க எல்லாருக்கும் ரவிக்கைத் துணி குறைச்சுப் போட்டுத் தாரேன்."

நாற்பது பேரும் ஆவலாக டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். "ரெண்டு."

சனிக்கிழமைதான் தீப்பெட்டி ஆபீஸில் சம்பளம். என் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த மத்தியானத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய் ஹாலில் உட்கார்ந்தேன். பாட்டு, பிரசங்கம், சாட்சி எல்லாம் கேட்டேன். கடைசியில் இரண்டு பக்கம். முதல் வாரமே தெரிந்துபோனது, அவளை நோக்கி அவன் சொன்னது வழக்கம்போல் 'சகோதரி'தான். மூன்றாவது வாரம் இரண்டு பக்கமும் ஜெபமாகவே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஐந்தாவது வாரம் ஆலயத்துக்குள் வந்த மணவாட்டி அன்னரத்தினத்தின் தோழி என்று தெரிந்தது. "அப்பாடா!" என்று கத்திவிட்டேன். அதற்குள் சாமுவேல் மூட்டை கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறப் போய்விட்டான், கழுதை.

எட்டாவது சனிக்கிழமை, படகுத்துறையில் வைத்து, அந்த மடையன் ஒருவழியாக அவளை 'அன்னரத்தினம்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நாற்பது பேரும் கைதட்டினார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. மின்விசிறித் தூசி என்று சொல்லிப் பார்த்தேன், ஒருத்தியும் நம்பவில்லை. முந்நூற்று இருபது பக்கத்தில் அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டே வரிதான் எழுதியிருந்தார். கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

இன்றைக்கும் ரூபி டீச்சர் கடைக்கு வந்தால், அவர் கேட்கிற விலைக்குத் துணியைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறேன்.